கடல் கடக்கும் பெட்டி

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் வீடுகளில், பரண்மேல் ஒரு பழைய பெட்டி இருப்பது வழக்கம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்வர வாங்கிய பெட்டி அது. அயல்நாட்டில் வாழும் மகள் பேறுகாலத்திற்கு நம்மை அழைக்கும்போது, அதையே இறக்கித் தூசி தட்டுகிறோம். ரயிலில் இத்தனை ஆண்டு உழைத்தது விமானத்திற்கு ஆகாதா என்று நமக்குத் தோன்றுகிறது.

ரயிலில் பெட்டி நம் காலடியில், நம் கண்முன் கிடக்கிறது. விமானத்திலோ அது நம்மைவிட்டுப் பிரிகிறது. ஓடும் பட்டைகளில் உருண்டு, பிற பெட்டிகளின் பாரத்தைத் தாங்கி, சில வேளை நடுவழியில் விமானமும் மாறிச் செல்கிறது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. நாம் ஒப்படைத்த பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கையில் சேதமுற்றால், ஒரு வரம்புக்கு உட்பட்டு நிறுவனம் ஈடு தரவேண்டும் என்பது அதன் விதி. ஆயினும் பெட்டியிலேயே இருந்த குறையினால் விளைந்த சேதத்திற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றும் அவ்விதி கூறுகிறது. நைந்த ஜிப் பிளந்து, பேத்திக்கென்று தைத்த பட்டுப்பாவாடை வழியில் தொலைந்தால், நாம் யாரிடம் முறையிடுவது? நல்ல பெட்டியே உடைந்தாலும், கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்குள்ள அலுவலரிடம் பதிந்துகொள்வது இன்னும் நன்று.

ஆகையால் பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே பெட்டியைச் சோதித்துவிடுவோம். புத்தகங்களை நிரப்பி, கைப்பிடியைப் பற்றித் தூக்கிப் பார்க்கலாம். மாடிப்படியில் இழுத்தும் பார்க்கலாம். சக்கரங்களை நகத்தால் அழுத்திப் பார்ப்பது அவசியம். பாலியூரித்தேன் என்னும் பொருளாலான சக்கர உறை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் நாளடைவில் உதிர்ந்துவிடும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில், புதிதுபோல் தோன்றும் பெட்டியும் இவ்வாறு ஏமாற்றுவதுண்டு. சக்கரம், ஜிப்பின் ஓடி, கைப்பிடி ஆகியவற்றைக் கடைத்தெருவில் பெட்டி பழுது பார்ப்பவர் மாற்றித் தருவார். அதற்காகப் புதுப்பெட்டி வாங்குவது வீண் செலவே. ஓட்டில் விரிசல் கண்டாலும், ஜிப்பின் பற்கள் துணியோடு பிய்ந்திருந்தாலும் மாற்றியே தீரவேண்டும்.

வாங்கும்போது நிறத்தையும் பூட்டையும் பார்க்குமுன் வெறும்பெட்டியின் எடையைக் கேட்போமாக. பல நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ அனுமதிக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. பெட்டியின் எடையும் அந்த 23 கிலோவில் அடங்கும். பழைய பெட்டி 6 கிலோவும் புதியது 3 கிலோவும் இருக்குமானால், மிச்சப்படும் 3 கிலோவில் பருப்புப்பொடியும் வடகமும் அப்பளமும் தாராளமாகப் போகும். (ஊறுகாயைப் பற்றி நாம் வாக்குறுதி எதுவும் தருவதற்கில்லை. எந்த நாடு எதை அனுமதிக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் நலம்.) ஓடு பாலிகார்பனேட்டாக இருந்தால் அடிபடும்போது வளைந்து கொடுக்கும், மலிவான ஏ.பி.எஸ். ஓடு எளிதில் விரிசல் காணும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகவே புகழ்வார். உட்புறச் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

எவ்வளவு நல்ல பெட்டியானாலும் மருந்துகளையும் நகைகளையும் ஆவணங்களையும் அதனுள் வைக்கலாகாது. கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வரவேண்டும்.

பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சக்கரம் உதிர்ந்திருந்தாலும் கொலு பொம்மைகளை வைக்க அதைவிடத் தகுந்த இடம் வேறில்லை. துணி சுற்றி அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டால், அடுத்த நவராத்திரி வரை அதை எவரும் உருட்டப் போவதில்லை.