தண்ணீர் சுமந்து செல்லும் வழி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாலை என்னும் சொல் தமிழ்க் கவிதைக்கு மிகப் பழைய உறவு. ஏனைய நான்கு திணைகளுக்கும் நிலம் வகுத்த தொல்காப்பியம் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் வறண்டு தம் இயல்பு கெடும்போது அவையே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே தமிழ்ப் பாலை என்பது பெரிதும் ஒரு காலம். மழை வந்தால் விலகிவிடும் காலம். ஒரு மழையால் விலகாத பாலை, நிலமாகவே நிலைத்துவிட்ட பாலை, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் பரந்து கிடக்கிறது. அந்நிலத்தினூடே தோழர்கள் சிலர் ஒன்றுகூடி, வண்டிகளில் பொருளேற்றிச் சென்று, கூடாரமிட்டுத் தங்கிவரும் நெடும்பயணங்களே இவ்வுரையின் பொருள். அப்பயணங்களை உற்று நோக்கினால் அவற்றின் அடியில் ஒரே வினா கிடப்பதைக் காணலாம். அங்கே தண்ணீர் யாருடையது என்பதே அவ்வினா.

இரண்டு பாலைகள்

அப்பகுதியில் பாலைகள் இரண்டு. ஒன்று நமீப், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையோரமாக, பெரும்பாலும் நமீபியா நாட்டினுள் அமைந்தது. உலகின் மிகப் பழைய பாலைவனங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. கடலோரம் இருந்தும் அது வறண்டது ஏன்? பெங்குவேலா என்னும் குளிர்நீரோட்டம் கரையை ஒட்டிச் செல்வதால் கடற்காற்று குளிர்ந்து, மழை முகிலாக மேலெழாமல், மூடுபனியாக நிலத்தின்மேல் தவழ்ந்து வருகிறது. அம்மூடுபனியே நமீபின் தாய்ப்பால் எனலாம். அங்குள்ள ஒருவகைக் கருவண்டு விடியற்காலையில் மணல்மேட்டின் உச்சியில் ஏறி, தலையைத் தாழ்த்தி உடலை உயர்த்தி நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வரக் காத்திருக்கிறது. வெல்விட்சியா என்னும் செடி தன் வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளை வளர்த்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் உயிர் தரிக்க வல்லது.

மற்றொன்று கலஹாரி. போட்ஸ்வானாவின் பெரும்பகுதியையும் நமீபியாவின் கிழக்கையும் தென்னாப்பிரிக்காவின் வடக்கையும் தழுவிய மணல்வெளி அது. அங்கே புல் உண்டு, முள்மரங்கள் உண்டு, கோடையில் மழையும் உண்டு. ஆயினும் பெய்த மழையை மணல் குடித்துவிடுகிறது. நிலத்தின்மேல் நிலையான நீர் இல்லை. ஆதலால் அதனை முழுப்பாலை எனக் கொள்ளாத அறிஞரும் உளர். அங்குள்ள மக்களும் விலங்குகளும் ட்சாமா என்னும் காட்டுத் தர்ப்பூசணியின் சாற்றால் வறண்ட மாதங்களைக் கடந்து வந்தனர். சான் மக்கள் தீக்கோழி முட்டையின் ஓட்டில் நீரை நிரப்பி, வாயை அடைத்து, மணலுள் புதைத்து வைத்தனர். பாலையை வெறுமை என்று சொல்வோர் இப்புதையலை அறியாதவர்.

பயணத்தின் ஒழுங்கு

இத்தகைய நிலத்துள் செல்வோர் தனியே செல்வதில்லை. குறைந்தது இரண்டு வண்டிகள் சேர்ந்து செல்வது பட்டறிந்தோர் வழக்கம். ஒன்று மணலில் புதைந்தால் மற்றொன்று இழுத்துவிடும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியே வேண்டும். மணல்வழி தொடங்குமிடத்தில் டயர்களின் காற்றைக் குறைக்கின்றனர். டயர் அகன்று படிந்து மணலின்மேல் மிதந்து செல்கிறது. கெட்டிச் சாலை வந்ததும் மீண்டும் காற்று நிரப்புகின்றனர். கலஹாரியில் மழைக்குப்பின் புல் உயர்ந்து நிற்கும் காலத்தில் வண்டியின் முன்புறம் வலை கட்டுகின்றனர். இல்லையேல் புல்விதைகள் ரேடியேட்டரை அடைத்துவிடும். வண்டியின் அடிப்புறத்தில் சிக்கிய காய்ந்த புல் புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றி வண்டியையே எரித்துவிடுவதும் உண்டு. ஆகவே அடிக்கடி நிறுத்தி, ஒருவர் தரையில் படுத்து அதனைக் களைந்தாக வேண்டும்.

கூடாரமிடுவதற்கும் முறையுண்டு. உலர்ந்த ஆற்றுமணல் மெத்தெனத் தோன்றினும் அதில் தங்குதல் கூடாது. தொலைவில் எங்கோ பெய்த மழை இரவில் வெள்ளமாக வந்துவிடும். போட்ஸ்வானாவின் காப்பகங்களில் தங்குமிடங்கள் பலவற்றுக்கு வேலி இல்லை. சிங்கமும் கழுதைப்புலியும் யானையும் கூடாரங்களுக்கிடையே நடந்து செல்லும். உணவைக் கூடாரத்துள் வைத்தல் கூடாது; காலணியை வெளியே விடுதலும் கூடாது, கழுதைப்புலி அதனைக் கவ்விச் சென்றுவிடும். இருட்டியபின் நெருப்பின் ஒளிவட்டத்தை விட்டு எவரும் தனியே விலகுவதில்லை.

இவ்வொழுங்குகள் அனைத்துக்கும் தலையாயது தண்ணீர்க் கணக்கு. மத்திய கலஹாரிக் காப்பகத்துள் பயணிகளுக்குக் குடிநீர் கிடையாது. வேண்டிய முழுவதையும் சுமந்தே செல்ல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டால் ஆறு பேர் ஆறு நாள் தங்குவதற்கு 180 லிட்டர் வேண்டும். வழியில் வண்டி பழுதுபட்டால் என்செய்வது என்று அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றனர். மாலைதோறும் கேன்களை எண்ணுவது வழிபாடு போல நிகழ்கிறது. உண்ட தட்டினை முதலில் மணலால் துடைத்து, பின்னரே சிறிது நீரால் கழுவுகின்றனர். முகம் கழுவ ஒரு குவளை. அந்நீரே பிறகு காலுக்கு. நகரத்தில் ஒருவரையொருவர் பல்லாண்டு அறிந்தவரும் மூன்றாம் நாள் மாலையில்தான் உண்மையில் அறிந்துகொள்கின்றனர். தன் பங்கிற்கு மேல் அரைக்குவளை எடுப்பவர் யார், தன் பங்கில் மிச்சம் வைப்பவர் யார் என்பது அங்கே மறைவதில்லை.

முன்சென்ற தோழர்கள்

இத்தகைய தோழமைப் பயணங்களுக்கு எழுத்துச் சான்று பழமையானது. ஓவியர் தாமஸ் பெயின்சும் வணிகர் ஜேம்ஸ் சாப்மனும் 1861இல் அட்லாண்டிக் கரையிலுள்ள வால்விஸ் விரிகுடாவிலிருந்து மாட்டுவண்டிகளில் புறப்பட்டு, 1862இல் விக்டோரியா அருவியை அடைந்தனர். ஒருவர் தூரிகையும் மற்றவர் ஒளிப்படக் கருவியும் கொண்டு சென்றனர். வழியில், 1862 மே 22ஆம் நாள், இன்றைய போட்ஸ்வானாவின் உப்புவெளி ஓரத்தில் ஒரு பாவோபாப் மரக்கூட்டத்தைப் பெயின்ஸ் வரைந்தார். மன்னாரில் பெருக்கமரம் என வழங்குவது இம்மரமே. அவ்வோவியத்தோடு ஒப்பிட்டால் அம்மரக்கூட்டம் பெரிதும் மாறாமல் நிற்பது தெரிகிறது. இன்றும் அதனருகே பயணிகள் கூடாரமிடுகின்றனர். ஓவியனின் பெயரே அம்மரங்களுக்கும் பெயராயிற்று. அவன் வருவதற்கு முன்னும் அவற்றின் நிழலில் மக்கள் தங்கியிருந்தனர் என்பதை அப்பெயர் சொல்வதில்லை.

இரண்டாவது சான்று இன்னும் ஆழமானது. ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்னும் இருவர் ஜெர்மானிய நிலவியலாளர், நண்பர்கள். இரண்டாம் உலகப்போர் மூண்ட பின், தென்மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்த ஜெர்மானியர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அவ்விருவரும் 1940இல் ஒரு சரக்கு வண்டியில் பொருள்களை ஏற்றிக்கொண்டு, ஓட்டோ என்னும் நாயையும் உடனழைத்து, நமீப் பாலையில் குயிசெப் ஆற்றின் பள்ளத்தாக்கினுள் மறைந்தனர். பாறை நிழலில் இருப்பிடம் அமைத்து, நீர்க்குட்டைகளை நம்பி, வேட்டையாடி இரண்டரை ஆண்டுகள் வாழ்ந்தனர். கோர்ன் நோயுற்றதால் 1942இல் நகருக்குத் திரும்பினர். 1946இல் கோர்ன் சாலை விபத்தில் இறந்தார். அவ்வாழ்வை மார்ட்டின் எழுதிய நூல் 1956இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. போர் வந்தால் பாலைக்குச் செல்வோம் என்று பொருள்படுவது அதன் தலைப்பு. உலகம் கொலைக்களமானபோது பாலையே புகலிடமாயிற்று என்பது அந்நூலின் சாரம். இறந்த நண்பனுக்குத் தோழன் எழுப்பிய நடுகல் என்றே அதனைக் கூறலாம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதற்கில்லை. அதே குயிசெப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் டோப்னார் மக்கள் நாரா என்னும் முட்பழத்தைத் திரட்டி, அதன் விதையையும் சதையையும் உணவாக்கி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருந்தனர். இருவருக்குப் புகலிடமாக இருந்த பாலை, வேறு பலருக்கு வீடாக இருந்தது.

ஆளற்ற நிலமா?

இவ்விடத்தில்தான் பயணத்தின் இன்பம் ஒரு கேள்வியின்முன் நிற்கிறது. காப்பகங்கள் இயல்பாகவே ஆளற்று இருந்தனவா, ஆளற்றவையாக ஆக்கப்பட்டனவா?

நமீபியாவின் எட்டோஷா 1907இல் ஜெர்மானிய ஆட்சியில் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஓக்காக்குயோ என்னுமிடத்தில் நீர்நிலைக்கு எதிரே இருக்கைகளும் மெல்லிய விளக்கொளியும் உண்டு. இரவில் பயணிகள் பேச்சற்று அமர்ந்திருக்க, யானைகளும் கறுப்புக் காண்டாமிருகமும் வந்து நீரருந்திச் செல்லும். உலகின் அரிய காட்சிகளுள் ஒன்று அது. ஆனால் அந்நிலத்தின் நீர்நிலைகளுக்குப் பெயரிட்டு வாழ்ந்த ஹாயோம் மக்கள் 1954இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். காப்பகத்தில் வேலை பெற்றோர் மட்டுமே தங்க முடிந்தது. நீர்நிலைகள் பலவற்றில் பெயர் மட்டும் அவர்களுடையதாக எஞ்சியது.

மத்திய கலஹாரிக் காப்பகம் 1961இல் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 52,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது, விலங்குகளுக்காக மட்டுமன்றி அங்கு வாழ்ந்த சான் மக்களுக்காகவும் ஒதுக்கப்பட்ட நிலம். ஆயினும் 1997இலும் 2002இலும் அவர்கள் வெளியே குடியமர்த்தப்பட்டனர். விலங்குப் பாதுகாப்பும் பள்ளி, மருத்துவ வசதிகளும் காரணங்களாகக் கூறப்பட்டன. வைரமே காரணம் என்றனர் எதிர்த்தோர். அரசு அதனை மறுத்தது. 2002 ஜனவரி இறுதியில் தண்ணீர் வழங்கல் நிறுத்தப்பட்டது. மோத்தொமெலோ என்னுமிடத்திலிருந்த ஆழ்துளைக் கிணறும் மூடப்பட்டது.

மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பர் 13ஆம் நாள் போட்ஸ்வானா உயர்நீதிமன்றம் அவர்களுக்கு அங்கு வாழும் உரிமை உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அம்மூன்று நீதிபதிகளுள் ஒருவர் யூனிட்டி டவ். அந்நாட்டு உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அவர் நாவலாசிரியர் என்பதும் இலக்கிய வட்டம் அறியத்தக்கது. ஆனால் தண்ணீர் முதலியவற்றை மீண்டும் வழங்கும் கடமை அரசுக்கு இல்லை என்றும் தீர்ப்புக் கூறியது. வாழலாம், நீர் இல்லை. மூடிய கிணற்றைத் தம் செலவில் திறந்துகொள்ள மக்கள் கேட்ட வழக்கு 2010இல் தள்ளுபடியாயிற்று. 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமே அவ்வுரிமையை அளித்தது. 2002 தொடங்கி 2011 வரை ஒரு கிணற்றுக்கான காத்திருப்பு அது. அவ்வாண்டுகளிலும் பயணிகள் அனுமதிச் சீட்டுப் பெற்று, நீர் நிறைந்த கேன்களோடு அக்காப்பகத்துள் சென்று, விண்மீன்களை வியந்து திரும்பிக்கொண்டுதான் இருந்தனர்.

இதனால் பயணமே குற்றம் என்பது கருத்தன்று. பயணிகள் தரும் கட்டணம் காப்பகங்களைக் காக்க உதவுகிறது. நேரில் கண்டவரே அந்நிலத்துக்காகப் பேசவும் செய்கின்றனர். ஆனால் தன் கேனில் உள்ள நீரை இரவுதோறும் எண்ணியவர், அடுத்தவரின் மூடப்பட்ட கிணற்றையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். தாகத்தின் கணக்கைக் கற்றபின் அதனைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுதல் முறையன்று.

விருந்தும் இல்லமும்

கலஹாரியின் தென்பகுதியில் நம்பிக்கை தரும் ஒன்று நிகழ்ந்துள்ளது. 1931இல் தென்னாப்பிரிக்கா அமைத்த கலஹாரி ஜெம்ஸ்போக் பூங்காவும், எல்லைக்கு அப்பாலிருந்த போட்ஸ்வானாவின் பூங்காவும் 2000ஆம் ஆண்டு ஒன்றாக்கப்பட்டு, இரு நாட்டுக்கும் பொதுவான கலகாடி பூங்காவாயின. பெருந்தாகத்தின் நிலம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்து முன்பு அகற்றப்பட்ட கோமானி சான் மக்களுக்கு 1999இல் நில உரிமை ஏற்கப்பட்டு, பின்னர் பூங்காவின் உள்ளேயே ஒரு பகுதி வழங்கப்பட்டது. அவர்களும் அயலிலுள்ள மியர் சமூகத்தாரும் உரிமையாளர்களாக உள்ள தங்கும் விடுதி ஒன்றும் அங்கு உண்டு. அங்கே செல்லும் பயணி, வேட்டையாடும் மரபில் வந்த ஒருவர் மணலின் சுவட்டைப் படித்துக் காட்டக் கேட்கிறார். இன்று விடியலில் இவ்வழியே சென்ற விலங்கு எது, அது விரைந்ததா, நொண்டியதா என்பதெல்லாம் அவருக்கு அங்கே எழுதியிருக்கிறது. பயணி பார்வையாளர் என்ற நிலை நீங்கி விருந்தினராகிறார். நிலத்துக்கு இல்லத்தார் உண்டாகின்றனர்.

விருந்து என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வந்தவரே விருந்தினர். புதிதாய் வந்தவர், தமக்கு முன்னரே அங்கு இருந்தவர் உண்டு என்பதை மறவாதவரையில்தான் விருந்தினர்; மறந்தால் வேறு பெயர் பெறுவார்.

கவிஞர்கள் பாலையைப் பாடும்போது ஆளற்ற வெளி என்று எழுத எளிது, ஓசையும் அமைந்துவிடும். அவ்வாறு எழுதுமுன் மணலுள் புதைந்த தீக்கோழி முட்டை ஓட்டினை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் நீர் நிரப்பி வைத்தவர், திரும்பி வந்து பருகுவோம் என்று நம்பித்தான் வைத்துச் சென்றார்.