பஞ்சுப் போர்வைக்கு ஓர் உறை



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில் பயணம் செய்வோர் வரக்காப்பொலவை எள்ளுருண்டை வாங்கும் ஊராகவே அறிவர். வீதியை விட்டு உள்ளே திரும்பினால் இறப்பர்த் தோட்டங்களும் அவற்றினிடையே லயங்களும் தென்படும். மழை நாளில் அங்கே பால்வெட்டு நடவாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டையில் சேராமல் வழிந்து வீணாகிவிடும். அத்தகைய இரண்டொரு பகற்பொழுதில், தையல் இயந்திரமில்லாமல் வெறும் கையூசி கொண்டே முடிக்கக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

தோட்டத்து மக்களுக்கும் போர்வைக்கும் உள்ள தொடர்பு பழையது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்குக் கம்பளி கடனாகவே கொடுக்கப்பட்டது. அதன் விலை பிறகு சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. துரைமார் எழுதிய ஆங்கிலத்திலும் 'கம்பளி' என்ற நம் சொல் புகுந்துகொண்டது. இரவில் குளிருக்குப் போர்த்தியதே பகலில் மழைக்குத் தலைமேல் ஏறிற்று. இந்நாளிலோ, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் செயற்கைப் பஞ்சு அடைத்த பருத்த போர்வைகளை வாங்கி வருகின்றனர். பிள்ளையின் உழைப்பில் வந்த பொருள் அல்லவா? தாய்மார் அதைப் பொன்போல் பேணுகின்றனர்.

ஆனால் அதைத் துவைப்பது எப்படி? தண்ணீரைக் குடித்துவிட்டால் ஓர் ஆளால் தூக்க முடியாது. வைகாசி தொடங்கி அடிக்கும் தென்மேற்குப் பருவமழையில் அது இரண்டு நாளிலும் காயாது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். துவைக்காமலே விட்டால் வியர்வையும் அடுப்புப் புகையும் தூசியும் சேர்ந்து, இருமுகிற குழந்தையின் முகத்தருகேதான் இரவெல்லாம் கிடக்கும். ஆதலால் போர்வையைத் துவைப்பதை விட்டு, துவைக்கக்கூடிய உறையொன்றை அதற்குப் போடுவதே வழி.

புதுத்துணி வேண்டுவதில்லை. பழைய நூற்சேலை இரண்டு போதும். நைலான் சேலை ஆகாது. வியர்வையை உறிஞ்சாது, இரவில் வழுக்கிக் கீழே விழும். பால்வெட்டுக்கு உடுத்தியதும் ஆகாது. துணியில் காய்ந்த இறப்பர்ப் பால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

போர்வை 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ளதாகக் கொள்வோம். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். அதைக் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். 62 அங்குலம் வீதம் இரண்டு துண்டு வெட்டி, கரையோடு கரை சேர்த்து மூட்டினால் ஒரு பக்கம் ஆயிற்று. மற்றச் சேலையில் மறுபக்கம். ஆறு யார்ச் சேலையில் 124 அங்குலமே செலவாவதால், உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த பாகத்தைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். கரை பிரியாது, ஆகவே நடுமூட்டுக்கு வேறு மடிப்பு வேண்டாம். நடுவிலும் இரு முனைகளிலும் சேலைக்கரை ஓடுவது பார்ப்பதற்கும் அழகே. ஒரு பக்கத்துக்குப் பழஞ்சேலையும் மறுபக்கத்துக்குப் புதுச்சீத்தையுமாகத் தைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதானால் சீத்தையை முதலில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிடில் பின்னர் அது சுருங்கிப் பழந்துணியை இழுத்துக் கிழிக்கும்.

இரண்டு பக்கங்களையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் இருமருங்கும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். ஊசியை ஒரு தையல் பின்னுக்கு வாங்கி வாங்கிப் போட்டால் கையால் தைத்ததும் இயந்திரத் தையல்போல் நிற்கும். காலடிப் பக்கத்தை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்து, நடுவில் 40 அங்குலத்தைத் திறப்பாக விட்டு, எஞ்சியதை மூடிவிடுங்கள். திறப்புக்குப் பொத்தான் வைப்பது பட்டணத்து வழக்கம். பீலிக்கரையில் கல்லில் அடித்துத் துவைக்கும் நமக்கு அது இரண்டு மாதம் தாங்காது. அதே சேலையில் நாடா கிழித்து, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு சோடி வைத்தால் போதும்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. உறைக்குள்ளே போர்வை சுருண்டு ஒரு மூலையில் மூட்டையாகிவிடும். பிறகு உறையே வேண்டாம் என்று கழற்றி எறிவார்கள். உறையின் உட்புறம் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு நாடா தைத்து, போர்வையின் மூலைகளில் சிறு வளையம் வைத்து முடிந்துவிட்டால் அது அசையாது. வளையத்தைப் போர்வையின் ஓரப்பட்டியில் மட்டும் தைக்க வேண்டும். உடம்பில் ஊசி ஏறினால் அந்தத் துளை வழியே பஞ்சு வெளிவரும்.

மாட்டுவதற்கு, உறையை உட்புறம் வெளியாகத் திருப்பி, கைகளை உள்ளே விட்டு, மேல்மூலைகள் இரண்டையும் போர்வையோடு சேர்த்துப் பிடித்து, நாடாவை முடிந்து, சட்டை மாட்டுவதுபோல் கீழே இழுத்துவிடுங்கள். வெயில் கண்ட நாளில் உறையைத் துவையுங்கள்; போர்வையை இஸ்தோப்புக் கொடியில் காற்றாட விடுங்கள். ஒவ்வொரு சேலையிலும் மிஞ்சும் 92 அங்குலத்தில் நையாத பாகம் தலையணை உறைகளுக்கு ஆகும்.