பழைய ஆயில் பேசும், கேட்கத் தெரிந்தால்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசு, ஆனா பத்து நிமிஷத்துல முடிச்சிடு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நான் ஜெயித்த கதையைச் சொல்லவில்லை. தோற்ற கதை ஒன்றைச் சொல்கிறேன். அதுதான் சீக்கிரம் முடியும்.

என் வேலை, ஓடிய இன்ஜின் ஆயிலின் சோதனை முடிவுகளைப் படித்துச் சொல்வது. இன்ஜின் ஓடும்போது உலோகம் உரசி, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. அந்த ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் எரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை வீசும். எது எவ்வளவு என்று பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, தெரிந்துவிடும். 1940-களில் அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்ட் ரயில்வே தன் டீசல் இன்ஜின்களுக்காக ஆரம்பித்த முறை இது. நம் ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளும் இதைப் பல காலமாகச் செய்து வருகின்றன. இன்ஜினைப் பிரிக்காமலேயே உள்ளே எட்டிப் பார்க்கிற வழி.

இரும்பு வந்தால் சிலிண்டர், கிராங்க், கேம். அலுமினியம் வந்தால் பிஸ்டன். குரோமியம் பிஸ்டன் ரிங். செம்பு, ஈயம், வெள்ளீயம் வந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். சிலிக்கான் பெரும்பாலும் தூசு. சோடியமும் பொட்டாசியமும் கூலன்ட். கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் ஆயில் கம்பெனியே சேர்த்த மருந்து. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவ்வளவும் பரீட்சைக்குப் போதும். வண்டிக்குப் போதாது என்பதை என் மாமாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மாமாவுக்கு ஊர் மடுகரை. (நெட்டப்பாக்கம் பக்கத்து நண்பர்கள் இரண்டு பேர் கை தூக்குகிறார்கள், சந்தோஷம்!) ஒரு டீசல் காரை வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். மருமகன் இன்ஜினியர் ஆயிற்றே என்று, ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு பாட்டிலில் பிடித்து என்னிடம் கொடுப்பார்.

முதல் தடவை ஆயில் 8,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரும்பு 32, செம்பு 6, ஈயம் 3, சோடியம் 5, பொட்டாசியம் 2. அடுத்த தடவை 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிட்டார். இரும்பு 29, செம்பு 14, ஈயம் 9, சோடியம் 48, பொட்டாசியம் 19. தண்ணீர் இல்லை. எல்லாமே அச்சடித்த வரம்புக்குள். கடைசி வரியில் 'நார்மல்' என்று போட்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? இரும்பு 32-லிருந்து 29 ஆகக் குறைந்திருக்கிறது, அடிவரியில் நார்மல் இருக்கிறது, அவ்வளவுதான் பார்த்தேன். போனில் மாமா, "இன்னா மாப்ள, ஒண்ணும் இல்லையே? கூலன்ட் மட்டும் வாரத்துக்கு ஒருதடவ கொஞ்சம் ஊத்துறாப்புல இருக்குது" என்றார். "ரிப்போர்ட் சூப்பரா இருக்கு மாமா, கவலைப்படாம ஓட்டுங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பியிருக்கிறார். வில்லியனூருக்கு முன்னாலேயே பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அந்தப் பெண் ரோட்டோரத்தில், வண்டிக்குள்ளேயே. தாயும் குழந்தையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள், கடவுள் புண்ணியம். வண்டியைப் பிரித்தபோது ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, பேரிங்குகள் கீறியிருந்தன. நாற்பது நாள் வண்டி இல்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. மாமா திட்டவில்லை. "பேப்பர் நல்லாருக்குன்னு சொன்னியே மாப்ள" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. இரும்பு 8,000 கிலோமீட்டருக்கு 32 என்றால் ஆயிரத்துக்கு 4. 5,000-க்கு 29 என்றால் ஆயிரத்துக்கு 5.8. குறையவில்லை, ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. செம்பு ஏறக்குறைய நாலு மடங்கு. அதே கம்பெனி ஆயில்தான், ஆகவே சோடியம் ஆயிலோடு வந்ததல்ல. கூடவே பொட்டாசியமும் ஏறியிருக்கிறது. கூலன்ட் உள்ளே கசிகிறது. அது பேரிங்கை அரிக்க ஆரம்பித்ததால்தான் செம்பும் ஈயமும். தண்ணீர் ஏன் இல்லை? சூடான ஆயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் தங்கிவிடும். மாமா சொன்ன 'வாரத்துக்கு ஒருதடவ' என்ற சொல்லையும் இந்த எண்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் நான் செலவழிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் பழக்கங்களை மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒன்று, சாம்பிள் எடுக்கும் முறை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆயிலை இறக்கி, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் பிடிக்க வேண்டும். ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இடையில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று எழுதாத பாட்டிலை நான் வாங்குவதில்லை. புது ஆயில் ஊற்ற ஊற்ற எண்கள் குறைந்து காட்டும்.

இரண்டு, எந்த எண்ணும் தனியாகப் பேசாது. சிலிக்கான் ஏறி, கூடவே இரும்பும் அலுமினியமும் ஏறினால் தூசு. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கரும்பு லாரி போகிற மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது சகஜம். சிலிக்கான் மட்டும் ஏறினால், புது இன்ஜினில் தடவிய சிலிக்கோன் பசையாகவும் இருக்கலாம்.

மூன்று, ஒரு குற்றம் இன்னொன்றை மறைக்கும். 15டபிள்யூ-40 ஆயிலின் பாகுநிலை 100 டிகிரியில் 12.5-க்குக் கீழே இறங்கினால் டீசல் கலந்திருக்கலாம். ஆனால் புகைக்கரி ஆயிலைக் கெட்டியாக்கும், டீசல் இளக்கும். இரண்டும் சேர்ந்தால் பாகுநிலை சரியாகவே காட்டும்! ஃபிளாஷ் பாயிண்டையும் கரி அளவையும் கூடப் பார்க்க வேண்டும். 2020-இல் பிஎஸ்-6 வந்தபின் பல டீசல் கார்களில், புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறார்கள். கிட்ட கிட்டவே ஓட்டினால் அந்தச் சுத்தம் பாதியில் நின்று, டீசல் கீழே ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

நான்கு, ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பெரிய துகள் தெரியாது. ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் போனால் அதன் பார்வைக்கு அகப்படுவது குறைவு. பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். புது இன்ஜின்கள் பலவற்றில் பேரிங்கில் ஈயமே கிடையாது. ஈயம் பூஜ்யம் என்பதும் உத்தரவாதம் இல்லை.

கடைசியாக ஒன்று. வரம்பு என்பது ஆயிரம் வண்டிக்குப் பொது. அந்த வண்டி போன தடவை எப்படி இருந்தது என்பதுதான் அதன் சொந்த வரம்பு. அதை ஓட்டுகிறவர் சொல்வதும் ரிப்போர்ட்டில் ஒரு வரிதான், அச்சடிக்காத வரி. இப்போதெல்லாம் பேப்பரைப் பிரிக்கும் முன் நான் முதலில் கேட்பது, "வண்டி எப்படி இருக்கு, ஏதாவது மாத்தம் தெரியுதா?" என்பதைத்தான்.

மாமா இன்றும் எனக்குத்தான் பாட்டில் கொடுத்தனுப்புகிறார். அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.