துறைமுகமும் மக்களாட்சியும்



திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தைச் சொல்லித் தொடங்குவர். காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது பெருங்கப்பல்கள் நிற்கத்தக்க அதன் அமைதியைச் சொல்வர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அதனை நாடி வந்தோரின் வரிசையையும் தவறாது சொல்வர். இவையனைத்தும் உண்மையே. எனினும் இவை கடலிலிருந்து கரையை நோக்குவோர் கூறும் செய்திகள். கரையில் நின்று கடலை நோக்கும் மக்கள், அதாவது திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் சம்பூரிலும் வாழ்வோர், தங்கள் துறைமுகத்தைக் குறித்து எதனைத் தீர்மானிக்க முடிந்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது; துறைமுகம் பெறவில்லை. முந்திய ஆண்டு நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியக் கடற்படை இங்கேயே தங்கியிருந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அவர்கள் லண்டன் அரசாங்கத்துடன் பேசி அதனைக் கேட்டுப் பெற்றார். 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு துப்பாக்கி வேட்டும் கேளாமல் நிறைவேறிய இக்காரியத்தின் அருமை, ஆபிரிக்காவின் வடகரையிலுள்ள துனீசியாவின் கதையோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

துனீசியா 1956 மார்ச் மாதத்தில் பிரான்சிடமிருந்து விடுதலை அடைந்தது. ஆயினும் பிசேர்ட்டா என்னும் அதன் சிறந்த துறைமுகத்தில் பிரெஞ்சுக் கடற்படை நிலைத்திருந்தது. 1961 ஜூலையில் ஜனாதிபதி ஹபீப் பூர்கீபா அதனை விட்டு வெளியேறுமாறு வற்புறுத்தியபோது போர் மூண்டது. சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான துனீசியர் மாண்டனர். ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அதற்கென விசேடமாகக் கூட நேர்ந்தது. இறுதியில் பிரெஞ்சுப் படை அங்கிருந்து அகன்ற நாள் 1963 ஒக்டோபர் 15. நமது தளம் கைமாறிய அதே நாள்தான். ஆண்டில் மட்டும் ஆறு வேறுபாடு.

ஆனால் அந்தக் கதை அதனுடன் முடியவில்லை. தளத்தை மீட்ட அதே பூர்கீபா 1975இல் ஆயுட்கால ஜனாதிபதி ஆக்கப்பட்டார். 1987இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியவர் அவருடைய பிரதம மந்திரியே; வாக்காளர் அல்லர். அந்நியன் எழுந்து சென்ற ஆசனத்தில் குடிமகன் தானாகவே வந்து அமர்ந்துவிடுவான் என்று எண்ணியிருந்தோர் அங்கே ஏமாந்தனர். இலங்கையில் அவ்வாறு நேரவில்லை. தேர்தல்கள் நடந்தன, அரசாங்கங்கள் தோற்று வீட்டுக்குச் சென்றன. அது சிறிய பேறன்று. அப்படியிருந்தும் திருகோணமலை மாவட்டத்தார் தம் நிலத்தையும் நீரையும் பற்றித் தாமே பேசித் தீர்மானிக்கும் மன்றம் ஒன்று நிலைத்து நின்றதா என்று கேட்டால், பெருமைப்பட அதிகம் இல்லை.

அத்தகைய மன்றம் இங்கு ஏன் பெரிதும் வேண்டும்? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, எந்த இனமும் பாதித் தொகையை எட்டவில்லை. கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் வகுக்கப்பட்டபோது, கொழும்பிலிருந்தோர் வாய்க்காலையும் வயலையும் கணக்கிட்டனர். இங்கிருந்தோர் எவர் குடியேறுகிறார், எவர் தொகை குறைகிறது என்று கணக்கிட்டனர். இரண்டு கணக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க இடமில்லாதபோது அபிவிருத்தி என்ற நல்ல சொல்லே ஐயத்துக்குரிய சொல்லாகிவிடும்.

சீனக்குடாவில் பிரித்தானியர் 1930களில் அமைத்த எண்ணெய்க் குதங்களைப் பாருங்கள். இன்று எஞ்சியிருப்பவை 99. பெரும்பாலானவை நெடுங்காலம் காட்டுக்குள் வெறுமனே கிடந்தன. 2003இல் அவை 35 ஆண்டுக் குத்தகையாக இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்திடம் சென்றன. 2022 ஜனவரியில் அவ்வேற்பாடு திருத்தப்பட்டு, 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த புதிய கம்பனிக்கும் எனப் பங்கிடப்பட்டன. இப்பங்கீடு நன்மையா தீமையா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. புதுடில்லியின் பெயரும் பெய்ஜிங்கின் பெயரும் அவ்விவாதத்தில் அடிபட்ட அளவுக்குச் சீனக்குடாவின் பெயர் அடிபடவில்லை.

சம்பூரின் கதை இதனினும் துயரமானது. 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரைவிட்டு ஓடிய மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் தங்கினர். போர் ஓய்ந்த பின்னும் அவர்களால் திரும்ப இயலவில்லை. 2011இல் அப்பகுதியில் 500 மெகாவாற்று அனல் மின் நிலையம் அமைக்க இந்தியாவுடன் உடன்படிக்கை ஆயிற்று. 2012இல் 818 ஏக்கர் நிலம் கனரகக் கைத்தொழில் வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த நிலத்துக்கு உரியோர் அப்போது தகரக் கூரையின் கீழ் இருந்தனர். 2015இல் அந்த 818 ஏக்கரும் மக்களிடம் திரும்பியது. அனல் மின் நிலையம் கைவிடப்பட்டதாக 2016 செப்டெம்பரில் அரசாங்கம் நாட்டின் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒன்பது ஆண்டுகள் மக்கள் அலைந்தார்கள். ஆலையும் எழவில்லை, மின்சாரமும் வரவில்லை. தொடக்கத்திலேயே அவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு காலமும் பணமும் வீணாகியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்நிலையில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. துறைமுகம் நாடு முழுவதுக்கும் சொந்தமான செல்வம். ஒரு மாவட்டம் அதனைத் தன் விருப்பப்படி ஆளலாகாது என்பர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கப்படும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு. முன்னதற்காகவே 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. 1988இல் தெரிவான வடக்கு-கிழக்கு மாகாண சபை திருகோணமலையில்தான் கூடியது; 1990இல் கலைந்தது. பின்னர் 2008 வரை தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. 2008இலும் 2012இலும் தெரிவான கிழக்கு மாகாண சபைகள் 2017 செப்டெம்பருடன் முடிவுற்றன. ஆக, முதல் தேர்தலிலிருந்து 2025 வரையான 37 ஆண்டுகளில் ஏறத்தாழ 11 ஆண்டுகளே மக்கள் தெரிவுசெய்த சபை இருந்தது. எஞ்சிய காலம் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களின் காலம். நிலம் பற்றிய கொள்கையை வகுக்க வேண்டிய தேசிய காணி ஆணைக்குழுவோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அமைக்கப்படவில்லை.

தேர்தல் நின்ற வரலாறு ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு உதவும். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தனர். அதற்கு எல்லை நிர்ணயம் வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அறிக்கையை முன்வைத்த அமைச்சரும் எதிராகவே வாக்களித்தார். பழைய முறையும் போயிற்று, புதிய முறையும் வரவில்லை.

இதனால் சாதாரண மனிதனுக்கு என்ன நட்டம் என்று வினவுவோர் குறிஞ்சாக்கேணியை நினைக்க வேண்டும். 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான, நாட்டின் மிக நீண்ட பாலம் திறக்கப்பட்டது. அதற்கு விழா நடந்தது. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் சிறு பாலம் ஒன்று மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், கீழ்மாகாணத்தார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவை மக்களை ஏற்றி இறக்கியது. 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிர் துறந்தனர். பாலம் யார் பொறுப்பு, மிதவைக்கு அனுமதி தந்தவர் யார் என்ற வினா பாராளுமன்றம் வரை சென்றது. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைச் சுட்டியது. அப்பொழுது கிழக்கு மாகாணத்தின் சார்பில் எழுந்து நின்று பதில் சொல்ல, மக்கள் தெரிவுசெய்த முதலமைச்சர் ஒருவர் இருக்கவில்லை.

சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாக இப்போது சூரிய ஒளியால் 120 மெகாவாற்று மின்சாரம் பெறும் திட்டம் தொடங்கியுள்ளது. புகையற்ற அம்முயற்சியை வரவேற்கலாம். அதன் தொடக்க விழாவை 2025 ஏப்ரல் 5ஆம் நாள் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தவாறே இணைய வழியாக நடத்தினர். அன்றைய தினம் கிழக்கு மாகாண சபையின் ஆசனங்கள் காலியாகி ஏழரை ஆண்டுகள் ஆகியிருந்தன.