குழியில் கிடந்த முதலை



2015 ஜூன் மாதம், பெங்களூரு சுல்தான்பாளையா சாலையில் நீர் தேங்கிய பெரும்பள்ளத்தில் ஒரு முதலை கிடந்தது. மைசூரு சாமராஜேந்திரா காட்சிக்கலைக் கல்லூரியில் பயின்ற பாதல் நஞ்சுண்டசாமி செய்துவைத்த சிற்பம் அது. மக்கள் கூடினர், நாளேடுகள் எழுதின, மாநகராட்சி பள்ளத்தை மூடியது. 2019 செப்டம்பரில், சந்திரயான்-2 நிலவை நெருங்கிய நாட்களில், விண்வெளி வீரர் உடையில் ஒருவரைக் குண்டும் குழியுமான தெருவில் நடக்கவைத்துப் படம்பிடித்தார். அந்தச் சாலையும் செப்பனிடப்பட்டது.

முறையீட்டுக்கு அசையாத நிர்வாகம் நகைப்புக்கு அசைந்தது. ஆயினும் ஒரு குழி மூடப்படுவதால் ஒப்பந்ததாரர்களின் கொள்ளை ஒழிவதில்லை. கலைஞர் தனித்து நிற்கும்வரை வெற்றி ஒரு தெருவோடு முடிகிறது.

1943 வங்கப் பஞ்சத்தில் சித்தபிரசாத் மிதினாப்பூர் கிராமங்களில் நடந்து, கண்டதை வரைந்தார். கம்யூனிஸ்ட் கட்சி அவற்றை மக்களிடம் கொண்டுசென்றது. ‘பசித்த வங்காளம்’ நூற்பிரதிகளை ஆங்கிலேய அரசு பறித்து எரித்தது. தூரிகைக்குப் பின்னால் இயக்கம் நின்றதே அந்த அச்சத்தின் காரணம்.

ஓவியம் பயிலும் மாணவர்களிடம் சுவரொட்டி மட்டும் கேட்பது போதாது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புக்கும் கட்டுமானத் தொழிலாளர் கொட்டகைக்கும் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். கண்டதை அவர்கள் வரையட்டும். வரைந்ததை வீதிக்குக் கொண்டுவருவது கிளைகளின் கடமை.