யூக்கான் நதிக்கரையில் ஜீவனம்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் பெரிய சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை, அகராதி கைகொடுத்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பவை சிறிய சொற்களே. சில காலத்துக்கு முன் என் மேசைக்கு வந்த ஓர் அறிக்கை, வடதுருவத்தை அடுத்து வாழும் ஆதிக்குடிகளைப் பற்றியது. அதில் 'சப்ஸிஸ்டன்ஸ்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்பட்டது. 'வயிற்றுப்பிழைப்பு' என்று எழுதினேன், அடித்தேன். 'ஜீவனோபாயம்' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அடித்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் உங்களை அலாஸ்காவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கனடாவில் பிறந்து அலாஸ்காவை ஊடறுத்துச் சென்று பேரிங் கடலில் கலக்கும் யூக்கான் நதியின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, போர்க்குபைன் என்னும் உபநதி அதனோடு சேருமிடத்தில் ஃபோர்ட் யூக்கான் என்ற சிற்றூர் உள்ளது. 1847-இல் ஓர் ஆங்கில வணிகக் கம்பெனி ரோமத்தோல் வாங்குவதற்காக அமைத்த கோட்டை அது. இன்று அங்கு வசிப்பவர்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு. பெரும்பாலோர் குவிச்சின் இனத்தவர். வெளியுலகத்திலிருந்து அவ்வூருக்குச் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிமோட்டார் வண்டி, எக்காலத்திலும் சிறு விமானம். குளிர்காலத்தில் பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் இறங்கும். ஆனால் 1915 ஜூனில் இதே ஊரில் 38 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் பதிவாயிற்று. அலாஸ்காவில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் அதுதான். டில்லியில் உள்ள நேயர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யக்கூடும்.

மே மாதத்தில் நதியின் பனிக்கட்டி பெரும் ஓசையுடன் பிளந்து ஓடுகிறது. கோடையில் கடலிலிருந்து சால்மன் மீன்கள் எதிர்நீச்சலிட்டு வருகின்றன. அவற்றில் தலையாயது 'ராஜ சால்மன்' எனப்படும் சினூக். நன்னீருக்குள் நுழைந்த பின் இம்மீன் இரை தின்பதில்லை. பிறந்த ஓடையைச் சேர்ந்து முட்டையிட்டு மடியும் வரை உடலில் சேர்த்து வைத்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. யூக்கானின் பயணம் மிக நெடியதாகையால் அதன் மீனில் கொழுப்பும் மிகுதி.

அம்மீனைப் பிடிக்கும் 'மீன் சக்கரம்' பார்க்கத்தக்க பொறி. பஞ்சாபிலும் ராஜஸ்தானத்திலும் இருக்கும் நம்மவர்கள், கிணற்றடியில் 'ரஹட்' என்னும் நீர்ச்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் வாளிகளுக்குப் பதிலாக இரண்டு பெரிய கூடைகளை எண்ணிக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுழற்ற மாடு வேண்டியதில்லை. ஆற்றின் ஓட்டமே சுழற்றும். கூடை மீனை அள்ளி மேலே தூக்கி, பக்கத்திலுள்ள பெட்டியில் சரித்துவிடும். இதைத் தொன்மையான கருவி என்று எண்ணிவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியார் கொண்டுவந்ததுதான். குடிகள் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள்.

கோடையில் குடும்பங்கள் ஊரைவிட்டு ஆற்றோரத்து மீன் முகாமுக்குக் குடிபெயரும். பாட்டியும் தாயும் மீனைப் பிளந்து, சதையைக் கீறி, கழியில் தொங்கவிட்டுப் புகைக்குடிலில் வாட்டுவார்கள். நம் ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் போதும். அங்கே நாட்கணக்கில் மெல்லிய புகை வேண்டும். கீறலின் ஆழம் தவறினால் மீன் புழுத்துவிடும். பேத்தி இதைப் புத்தகத்தில் கற்பதில்லை. பாட்டியின் அருகில் நின்று கற்கிறாள். பின்கோடையில் வரும் 'சம்' என்ற மலிவான சால்மன், பனிச்சறுக்கு வண்டியிழுக்கும் நாய்களுக்கு உணவாகும். அதற்கு 'நாய் சால்மன்' என்றும் பெயர்.

இலையுதிர்காலத்தில் மூஸ் என்னும் பெருமான் வேட்டை. ஓர் ஆண் மூஸ் இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தரும். அது வேட்டையாடியவன் வீட்டோடு நிற்பதில்லை; முதியோர், விதவையர், நோயுற்றோர் வீடுகளுக்கும் பங்கு போகும். கடையில் இறைச்சி உண்டு. ஆனால் விமானத்தில் வந்த சரக்கு, விமானத்தின் விலை.

இனி என் சொல்லுக்கு வருகிறேன். 1971-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், ஆதிக்குடிகளின் பாரம்பரிய வேட்டை, மீன்பிடி உரிமைகளை ரத்து செய்தது. ஈடாக நிலமும் பணமும் கொடுத்தது. 1980-இல் வந்த மற்றொரு சட்டம், மத்திய அரசின் நிலங்களில், பற்றாக்குறை நேரும்போது வணிகருக்கும் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவோருக்கும் முன்பாகக் கிராமவாசிகளுக்கே உரிமை என்றது. 'சப்ஸிஸ்டன்ஸ்' என்பதற்கு அச்சட்டம் கூறும் பொருளில் உணவு, உறைவிடம், எரிபொருள், உடை, கருவி, போக்குவரத்து ஆகியவற்றோடு பண்டமாற்றும் பகிர்ந்து கொள்ளுதலும் அடங்கும். வயிற்றுப்பிழைப்பில் பகிர்தலுக்கு ஏது இடம்? ஆகவேதான் அடித்தேன். காப்பர் நதிக்கரை மூதாட்டி கேட்டி ஜான், தம் முன்னோரின் மீன்துறையில் மீன்பிடிக்கும் உரிமைக்காக அரசை எதிர்த்து வழக்காடி 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். 2013-இல் தொண்ணூறைக் கடந்த வயதில் காலமானார்.

சட்டம் உரிமையைத் தரலாம்; மீனைத் தர இயலாது. 2021-இல் சினூக்கும் சம்மும் ஒருங்கே பொய்த்தன. வீட்டு உணவுக்கும் சால்மன் பிடிக்கலாகாது என்று தடை வந்தது. 2022-இல் கனடா எல்லையைக் கடந்த சினூக் மீன்கள் ஏறத்தாழ 12,000. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் உடன்பாடு செய்து, ஆண்டுக்கு 71,000 மீன்கள் எல்லையைக் கடக்க வேண்டும் என்ற இலக்குடன், சினூக் மீன்பிடிப்பை ஏழாண்டுகளுக்கு நிறுத்தின. ஏழாண்டு என்பது அம்மீனின் ஒரு தலைமுறை.

காரணம் பல. கடலும் நதியும் வெம்மையடைந்துள்ளன. 2019-இன் கொடுங்கோடையில் கொயுக்குக் உபநதியில் சம் மீன்கள் முட்டையிடுமுன்பே மாண்டு மிதந்தன. மீன்களைப் பீடிக்கும் ஒட்டுண்ணி நோயும் உண்டு. பேரிங் கடலில் வேறு மீனுக்காக இழுவலை வீசும் பெருங்கப்பல்களில் சால்மனும் சிக்குகிறது. ஆற்றில் வீட்டுக்காக ஒரு மீன் எடுப்பதும் குற்றமாகியிருக்கக் கடலில் அக்கப்பல்கள் இயங்குகின்றனவே என்று கிராமத்தார் கேட்கிறார்கள். விஞ்ஞானிகள் வெப்பத்தையே முதற்காரணமாகச் சுட்டுகிறார்கள். அது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் கிராமத்தாரின் கேள்வி நியாயமற்றது என்று நான் கருதவில்லை.

தடை தொடங்கியபோது மூன்று வயதான பெண்குழந்தைக்கு அது முடியும்போது பத்து வயது. மீன் முகாமில் கத்தி பிடிக்கப் பழகும் பருவம் அது. கற்றுக்கொடுக்க வேண்டிய பாட்டிக்கும் ஏழு வயது கூடியிருக்கும்.

என் கையெழுத்துப் பிரதியில் அச்சொல்லுக்கு நேராக, இப்போதைக்கு, 'வாழ்முறை' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.