கடல் விலகிய தெரு
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. அன்று அந்தத் தெருவே கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். 1974இல் தர்கா தேசிய நினைவுச் சின்னமானது, கட்டடம் காக்கப்பட்டது. ஆனால் நம் முன்னோர் கரையேறிய கடலை இன்று அங்கு நின்று பார்க்க முடியாது. அது பழைய படங்களில்தான் இருக்கிறது.

1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர், இன்று 730ஐத் தாண்டிவிட்டது. 1867இல் இங்கு படநிலையம் திறந்த லாம்பர்ட் நிறுவனத்தார் துறைமுகத்தையும் தெருக்களையும் விற்பனைக்காகவே படமெடுத்தார்கள். இன்று அவை வரலாற்றுச் சான்றுகள். நம் காலத்தில் டேரன் சோ, மறையவிருக்கும் அடுக்குமாடிகளைத் தேடிச் சென்று படமெடுத்து வருகிறார். நான்கு வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர், விரைவுச்சாலைக்காக 2018இல் இடிக்கப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும்.

நம் வீட்டு ஆல்பங்களும் இப்படிப்பட்ட சான்றுகள்தாம். பெருநாள் படத்திலும் நிக்காஹ் படத்திலும் நாம் முகங்களையே பார்க்கிறோம். அவர்களுக்குப் பின்னால் கடையநல்லூர், தென்காசி மக்கள் நெருங்கி வாழ்ந்த தஞ்சோங் பகார் இருக்கலாம். 1983இல் சிங்கப்பூர் ஆற்றைவிட்டு அகற்றப்பட்ட தோங்காங் படகுகள் இருக்கலாம். வீடு மாறும்போது அந்த ஆல்பங்களைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். இடத்தை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களும் ஒவ்வொருவராக நம்மைவிட்டுப் பிரிகிறார்கள்.

ஆகவே இரண்டு வேலைகளை இந்த ஆண்டே செய்வோம். பெரியவர்களுடன் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் இடம், ஆண்டு, எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று பென்சிலால் மெதுவாக எழுதுவோம். பிள்ளைகள் கைப்பேசியில் நம் புளோக்கை, எதிரே உள்ள சாலை, மரம், பேருந்து நிறுத்தம் எல்லாம் தெரியும்படி, ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எடுக்கட்டும்.

நூற்றாண்டு விழாவில் நம் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்க்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.